தலைமாட்டில் நின்றவள் எழுதிய பக்கம்

போன மாதம் இரண்டு டாக்டர் பிள்ளைகள் போத்தனூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலையை விட்ட பிறகு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், அதனால் முகம் தெரியாது. இனிமேல் பரீட்சைக்கு நோட்டில் எழுத வேண்டியதில்லையாம், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதுமாம். பழைய நோட்டுகளின் நகலைக் கட்டிப் பரணில் போடும்போது ஒன்றின் நடுவே டாக்டர் கையெழுத்து இல்லாத ஒரு பக்கம் இருந்திருக்கிறது. பெரிய பெரிய எழுத்தில், தமிழில். கேட்டதற்கு, அது மயிலாத்தாள் எழுதினது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டாக்டர் பரீட்சை நோட்டுல நீங்க எப்படிங்க எழுதுனீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. போனை முன்னால் வைத்து, பேசுங்கள், பதிந்துகொள்கிறோம் என்றது இன்னொன்று.

பேசினால் எனக்குப் பாதி விட்டுப்போகும். எழுதித் தருகிறேன், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றேன். பத்து நாள் இருபது நாளாகிவிட்டது. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். எழுத்து மெதுவாக வரும், ஆனால் வரும்.

முதலில் நான் மில்லில் நூல் கோன் சுற்றினேன். அதை மூடின பிறகு டவுனில் ஒரு தோல் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். நாலைந்து மாதத்தில் லேசர் அறைக்குள் விட்டார்கள். மெஷினில் கை வைக்கக்கூடாது. மற்றதெல்லாம் என் வேலை. கண்ணுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது, விசிட்டர் ஆனாலும் சரி, முதலாளி ஆனாலும் சரி. ஜெல்லைப் பிரிட்ஜில் இருந்து எடுத்து எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஐஸை நேராக முகத்தில் வைக்கக்கூடாது, துணியை இரண்டாக மடித்துச் சுற்றித்தான் வைக்க வேண்டும். வருகிறவர்கள் முகத்தில் மஞ்சள், பவுடர், விபூதி எது இருந்தாலும் சுத்தமாகத் துடைத்துப் பொட்டை எடுத்துக் சுவர்க் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைக்க வேண்டும், போகும்போது ஞாபகமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

எல்லாவற்றையும்விட நான் எதற்குப் பேர்போனவள் என்றால் கைக்குத்தான். லேசர் அடிக்கும்போது ரப்பர் பேண்டை இழுத்து விட்டாற்போல் சுரீர் சுரீர் என்று இருக்கும். படுத்திருக்கிறவர்கள் பயந்துபோய் முகத்தைத் திருப்பினால் கெட்டது. நான் தலைமாட்டில் நின்று ஒரு கையை நெற்றியில் வைத்து, இன்னொரு கையால் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வேன். "அவ்வளவுதான் அம்மணி, முடிஞ்சுபோச்சு, இன்னும் கொஞ்சூண்டு" என்று பேசிக்கொண்டே இருப்பேன். அப்புறம் ஒருத்தரும் அசைய மாட்டார்கள், சத்தமும் போட மாட்டார்கள். "மயிலாத்தா நிக்கறப்ப மரத்துப்போற கிரீம் எதுக்குங்க" என்று நர்சுகள் கேலி பேசுவார்கள். நான் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் அது எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படிப்பு தொடங்கினார்கள். ஏற்கெனவே டாக்டர் ஆனவர்கள் அதற்கு மேல் அழகு மருத்துவம் படிக்க வருவார்கள். அவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு தடி நோட்டு. போர்ட்ஃபோலியோ என்பார்கள். வாரம் ஒரு கேஸ் எழுத வேண்டும். என்ன மருந்து, மெஷினில் என்ன எண் என்பது அதில் கொஞ்சம்தான். நான் என்ன செய்தேன், அப்போது என்ன நினைத்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன், அடுத்த தடவை எதை மாற்றுவேன், இதுதான் முக்கியம். கடைசியில் வெளியூரில் இருந்து ஒருவர் வந்து அதை உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்பார். நோட்டு சரியில்லை என்றால் பாஸ் கிடையாது.

அந்த நோட்டைச் சனிக்கிழமை மத்தியானம் பெரிய டாக்டர் பார்ப்பார். எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர். ஒல்லியாக இருப்பார், மெதுவாகப் பேசுவார். கூட்டுகிறவளையும் ங்க போட்டுத்தான் கூப்பிடுவார். நோட்டைத் திறக்கும் முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் குப்புற வைத்துவிடுவார். இன்றைக்குச் சீக்கிரம் முடியாது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அவர் திட்டவே மாட்டார். திட்டினால்கூட ஐந்து நிமிடத்தில் முடிந்துபோகும். இவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

டீ கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோர ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பேன். யாரும் வெளியே போ என்று சொன்னதில்லை.

ஒரு தடவை ஒரு பையன் டாக்டர், கன்னத்துக் கறுப்பு மங்கு மறைந்தது என்று முன்னும் பின்னுமாக இரண்டு போட்டோ ஒட்டிக்கொண்டு வந்தான். கன்னம் பளிச்சென்று இருந்தது. பெரிய டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டாவது போட்டோவுல நெழல் எந்தப் பக்கம் உழுகுதுங்க?" என்றார்.

பையனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அந்தம்மா புழுக்கமாக இருக்கிறது என்றதால் நான்தான் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் யாருக்கும் மங்கு பாதி மறையும். நான் நகர்த்தினேனுங்க என்று அப்போதே சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வந்தபோது தரையில் நாற்காலிக் கால் நாலுக்கும் பெரிய டாக்டர் மஞ்சள் பெயிண்டில் குறி போட்டு வைத்திருந்தார். அந்தப் பையன் நோட்டில் அந்தக் கேஸை அடித்துவிட்டு, நாற்காலியைப் பற்றி எழுதினான். அப்படி ஒரு மனிதர் அவர்.

ஜெபா டாக்டரம்மா படிக்க வந்தது அதற்கு அடுத்த வருடம். தூத்துக்குடிப் பக்கம். கை சுத்தம், படிப்பில் கெட்டி, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வந்த முதல் வாரமே, "மயிலம்மா, உங்க ஊர்ல வையும்போதும் ங்க போட்டுத்தான் வைவீங்களோ?" என்றார்.

"வையறதுன்னா மரியாதை இல்லாம வையலாமுங்களா?" என்றேன். அதிலிருந்து ஒட்டிக்கொண்டோம். மத்தியானம் என் டிபன் பாக்ஸில் கைவிடுகிற அளவுக்கு.

அந்த வருடம்தான் சுலோச்சனா என்று ஒரு அம்மணி பொள்ளாச்சியில் இருந்து வந்தார். முப்பத்தாறு வயது இருக்கும். வீட்டில் தேங்காயை வெயிலில் உலர்த்துகிற கொப்பரைக் களம். தாவாக்கட்டையிலும் தாடை ஓரத்திலும் முடி. தினமும் விடிவதற்கு முன்னால், வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள், கண்ணாடி முன் நின்று பிடுங்கிக்கொள்வாராம். பேசும்போது முந்தானையை இழுத்து வாயோரம் பிடித்துக்கொண்டேதான் பேசுவார்.

தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளைச் சேர்த்து உட்காரவைத்துச் செய்வது. சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்கச் சுற்றி நிற்கும். "எல்லாரும் என்ற மூஞ்சியத்தானுங்க பார்ப்பாங்க. அன்னைக்கு முந்தானையப் புடிச்சுட்டு உக்கார முடியுங்களா?" என்றார். அதுதான் அவர் வந்த காரணம்.

முடியை லேசரில் எடுத்தது முதல் இரண்டு தடவை நல்லபடியாகப் போனது. மூன்றாவது தடவை வந்தபோது கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

நான் முகத்தைத் துடைத்தேன். ஜெபா டாக்டரம்மா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "வெயில்ல நின்னீங்களாம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்சமா நின்னேனுங்க."

களத்தில் நிற்கிறவர்களுக்கு எது கொஞ்சம் என்று எனக்குத் தெரியும். கழுத்துக்கும் கன்னத்துக்கும் நிறம் வேறாக இருந்ததும் தெரிந்தது. வெயிலில் கறுத்த தோலை லேசர் சுட்டுவிடும். டாக்டரம்மா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

"இந்தத் தடவ நல்லா எச்சாக் கூட்டியே பண்ணி உட்டுருங்க டாக்டர். கல்யாணத்துக்குள்ள ஒண்ணும் மொளைக்கக் கூடாதுங்க" என்றார் சுலோச்சனா.

படுக்கவைத்துக் கண்ணை மூடி, ஜெல் தடவி, நான் தலைமாட்டுக்குப் போனேன். டாக்டரம்மா இடது பக்கம் ஸ்டூலில். மெஷின் அவருக்குப் பின்னால், காலுக்கு நேராக. சுலோச்சனாவின் வலது கை என் கையில்.

முதல் நாலைந்து அடி விழுந்தது. "வலிக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

டாக்டரம்மா திரும்பி மெஷினில் எண்ணை ஒரு படி கூட்டினார். தாடை எலும்பின் மேலே வந்தார். மறுபடியும் அடி. சுலோச்சனாவின் கை என் கையை நெரித்தது. நான் போட்டிருந்த மோதிரம் என் விரல் எலும்பிலேயே அழுந்தியது. போர்வைக்கு வெளியே கால் விரல் பத்தும் உள்ளே மடங்கி நின்றது. டாக்டரம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து கையும் தெரியாது, காலும் தெரியாது. முகம் மட்டும்தான். முகம் கல் மாதிரி இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"நீங்க பண்ணுங்க டாக்டர்."

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத வேண்டும். நான் குனிந்து சுலோச்சனா காதோரம், "அவ்வளவுதான் அம்மணி. இன்னும் நாலே நாலு. பல்லக் கடிச்சுக்குங்க" என்றேன். அவரும் கடித்துக்கொண்டார். நாலும் விழுந்தது.

ஜெல்லைத் துடைத்தபோது தோல் சிவந்திருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். ஆனால் தாடை எலும்பு மேலே சதுரம் சதுரமாக நாலு இடம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. தோல் வெந்தால்தான் அப்படி ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஐஸ் வைத்தோம். மருந்து போட்டோம். டாக்டரம்மா வெளியே போய்ப் பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் வந்தார் சுலோச்சனா. நாலு சதுரமும் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது, வரிசையாக, யாரோ முத்திரை குத்தினாற்போல். பெரிய டாக்டர் அவரே பார்த்தார். தழும்பு நிற்காது, கறுப்பு மாறச் சில மாதம் ஆகும், கல்யாணத்துக்குள் முழுசாக மாறாது என்று ஒளிக்காமல் சொன்னார். "இது எங்களால ஆனதுங்க. உங்களால ஆனதில்லீங்க" என்றார். சுலோச்சனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வந்தது.

ஜெபா டாக்டரம்மா அந்தக் கேஸை எழுதிக்கொண்டு வந்திருந்தார். இங்கிலீஷில் படிப்பார், பெரிய டாக்டர் தமிழில் கேட்பார். அதனால் எனக்குப் பாதிக்கு மேல் விளங்கும். "மெஷினில் வைத்த எண் அளவுக்குள்தான் இருந்தது. நோயாளி வெயிலில் நின்றதை முழுசாகச் சொல்லவில்லை. இனிமேல் வெயிலில் நிற்கவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் தொடங்குவேன்." இவ்வளவுதான் அதில் இருந்தது.

பெரிய டாக்டர் வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தி வைத்தார். "அந்த ரூமை வரைங்க டாக்டர்" என்றார்.

கட்டில், மெஷின், ஸ்டூல், படுத்திருந்த நோயாளி, தான் உட்கார்ந்திருந்த இடம், எல்லாவற்றையும் டாக்டரம்மா வரைந்தார்.

"அவங்க கையை யாரு புடிச்சிருந்தாங்க?"

"மயிலம்மா சார்."

"படத்துல காணமுங்களே."

டாக்டரம்மா தலைமாட்டில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

"உங்க எடத்துல இருந்து மொகம் தெரியுது. இந்த வட்டத்துல இருந்து என்னென்ன தெரியுமுங்க?"

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். எழுந்தேன், தம்ளரையும் எடுத்தேன். அப்புறம் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்சுதுங்க" என்றேன். "கைய நெரிச்சுப்போட்டாங்க. காலு வெரலு மடங்கிப்போச்சுங்க. வலி தாங்கலைன்னு தெரிஞ்சுதுங்க."

ஜெபா டாக்டரம்மா நாற்காலியோடு திரும்பினார். "தெரிஞ்சும் ஏன் மயிலம்மா சொல்லல? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பேன்லா?"

"பேசண்டு முன்னால டாக்டருக்கு நான் சொல்றதுங்களா?"

"நான் கேட்டப்ப அந்தம்மா வலிக்கலன்னு சொன்னாங்க."

"வலிக்குதுன்னு சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லலீங்க. இங்கத்தவங்க அப்படித்தானுங்க. அதுவுமில்லாம," என்று நிறுத்தினேன். பெரிய டாக்டர் காத்திருந்தார். கடிகாரம் குப்புறக் கிடந்தது. "அதுவுமில்லாம, அவுங்க சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. நாந்தானுங்க பல்லக் கடிச்சுக்கச் சொன்னேன்."

இத்தனை வருடமாக என் கையைப் பிடித்தவர்கள் கத்தாமல் இருந்தது எனக்குப் பெருமை. கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் இருந்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று நான் அதுவரைக்கும் நினைத்ததில்லை. அந்த ஸ்டூல் பக்கத்தில் நின்றபோதுதான் நினைத்தேன்.

"ரெண்டு பேரும் எழுதுங்க" என்றார் பெரிய டாக்டர்.

"நானுங்களா?"

"எழுத்து வருமில்லீங்களா?"

"வருமுங்க. ஆனா அது டாக்டருங்க நோட்டுங்க."

"நடந்ததுல பாதி உங்க கைக்குள்ள நடந்திருக்குதுங்க. அதை டாக்டர் எப்படி எழுதுவாங்க?" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாள் ஜெபா டாக்டரம்மா என்னோடு பேசவில்லை. வேலை விஷயம் இருந்தால், "ஆயா, ட்ரே எடுத்து வைங்க" என்பார். மயிலம்மா போய் ஆயா வந்துவிட்டது. மத்தியானம் என் டிபன் பாக்ஸ் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. மூன்றாம் நாள் கருவி கழுவும் அறையில் நான் உட்கார்ந்து எழுதின தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது வந்து கதவோரம் நின்றார்.

"எந்த விரல்?" என்றார்.

காட்டினேன். மோதிரத்துக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே போய்விட்டார். அன்று ராத்திரி அவர் எழுதியிருந்ததை முழுக்கக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார் என்று பிறகு சொன்னார்.

நான் நாலு தாள் வீணாக்கினேன். ஐந்தாவதில் எழுதினது இது. பிள்ளைகள் கொண்டுவந்து காட்டினதால் பார்த்து அப்படியே எழுதுகிறேன்.

"என் பேர் மயிலாத்தாள். லேசர் ரூமில் தலைமாட்டில் நிற்பேன். அந்த அம்மாவின் கையை நான் பிடித்திருந்தேன். அவருக்கு ரொம்ப வலித்தது. என் விரல் கன்றிவிட்டது. டாக்டருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். நல்லது என்று நினைத்துச் சொன்னேன். இனிமேல் கை இறுகினால் நிறுத்துங்கள் என்று சத்தமாகச் சொல்வேன்."

பெரிய டாக்டர் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

எழுதி வாங்குகிறேன் என்றதை ஜெபா டாக்டரம்மா விட்டுவிட்டார். அதற்குப் பதில் என்ன செய்தார் என்றால், கடைவீதிக்குப் போய்க் குழந்தைகள் அமுக்கினால் கீச்சென்று கத்துகிற ரப்பர் வாத்து ஒன்று வாங்கிவந்தார். படுக்கிறவர்கள் கையில் அதைக் கொடுத்துவிடுவது. வாயால் சொல்லச் சங்கடப்படுகிறவர்கள் கையால் அமுக்கிவிடுவார்கள். கீச்சென்றதும் நிறுத்தியாக வேண்டும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மில் முதலாளி வீட்டம்மா ஒருத்தர், "இதென்னங்க எனக்குப் பொம்மை குடுக்கறீங்க" என்று கோபித்துக்கொண்டார். அமுக்கவும் அமுக்கினார். என் கை இருந்த இடத்தில் வாத்து வந்துவிட்டது எனக்குக் கொஞ்ச நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கால் விரலைப் பார்க்கிற வேலை எனக்கு மிச்சம் இருந்தது.

கல்யாணம் முடிந்து பதினைந்து நாள் இருக்கும், சுலோச்சனா வந்தார். கூப்பிட்டது நாங்கள்தான். பரீட்சைக்கு வெளியூர் டாக்டர் வரும் நாள் நெருங்கிவிட்டது. ஒருத்தரைப் பற்றி எழுதினதை நோட்டில் வைக்க வேண்டும் என்றால், பேர் போடாவிட்டாலும், அவர் சம்மதிக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். அந்த வருடத்தில் ஜெபா டாக்டரம்மா எழுதினதிலேயே பெரிய கேஸ் அது. அதை எடுத்துவிட்டால் நோட்டில் பெரிய ஓட்டை விழும். மறுபடி ஒரு வருடம் என்றாலும் ஆச்சரியமில்லை.

பொருக்கு உதிர்ந்து சதுரம் நாலும் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. இந்தத் தடவை முந்தானையைப் பிடிக்கவில்லை.

"சீரெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுதுங்க. என்ற பெரியம்மா ஒருத்தங்க, 'ஏம்மணி, தாடையில இஸ்திரிப்பொட்டிய வெச்சுட்டாங்களா'ன்னு அத்தன பேரு முன்னால கேட்டாங்க. சுத்தி நின்னவங்கெல்லாம் சிரிச்சாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "போட்டோவுல எல்லாம் இந்தப் பக்கந்தானுங்க உழுந்திருக்குது. தம்பி அந்தப் பக்கம் உக்காந்திருந்தான்."

ஜெபா டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னார். "கழுத்தும் கன்னமும் வேறு நிறமாக இருந்தது, நான் பார்த்தும் நின்று யோசிக்கவில்லை. அவர் ஆசைப்பட்டதற்காக எண்ணைக் கூட்டினேன், அவர் தோல் என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தேன்." பிறகு என் பக்கத்தை என்னிடம் நீட்டினார். என் எழுத்தை நானே படித்தேன்.

சுலோச்சனா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஜெபா டாக்டரம்மா நோட்டை மூடப் போனார்.

"இருங்க" என்றார் சுலோச்சனா. "அந்த மூணாவது வரியோ நாலாவது வரியோ, வலிக்குதான்னு கேட்டதா வந்துதுங்களே, அத மறுக்காப் படிங்க."

டாக்டரம்மா தேடி எடுத்தார். "வலிக்கிறதா என்று மூன்று முறை கேட்டேன். ஒரு முறையும் வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை."

"மூணு தடவ கேக்கலீங்க. ரெண்டு தடவதானுங்க கேட்டீங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் நினைத்துப் பார்த்தேன். புதிதாக எழுதின அந்தப் பக்கத்தை அவர் அதற்கடுத்த சனிக்கிழமை படித்தபோது எனக்கும் மூன்று என்றுதான் பட்டது. அந்த அறையில் கூடவே நின்றவள் நான்.

"நான் மூணுன்னுதான் நெனச்சேம்மா" என்றார் டாக்டரம்மா.

"மொத தடவ கேட்டீங்க, இல்லீங்கன்னேன். ரெண்டாவது கேட்டீங்க, நீங்க பண்ணுங்கன்னேன். அதுக்கப்பறம் எலும்பு மேல அந்தக் கடசி நாலு உழுகறப்ப, மறுக்கா ஒருக்கா கேட்டா சொல்லிப்போடலாம்னு பார்த்துட்டே இருந்தனுங்க. நீங்க கேக்கவே இல்லீங்க." குரல் ஏறவில்லை. சந்தைக்கு வழி சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். "படுத்திருக்கறவளுக்கு எண்ணறதத் தவிர வேற என்னங்க வேலை?"

வெளியே டோக்கன் எண் கூப்பிடுவது கேட்டது. ஜெபா டாக்டரம்மா பேனாவைத் திறந்து மூன்றை அடித்துவிட்டு மேலே இரண்டு என்று எழுதினார். பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டார். நோட்டைத் திருப்பி சுலோச்சனா பக்கம் வைத்தார்.

அவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். மை காய்கிற வரைக்கும் பார்த்தார்.

"இப்ப செரிங்க" என்றார். "நோட்டுல வெச்சுக்குங்க."